முள் அசையாத லொறி

"தம்பி, ஒங்கட நானாகிட்ட கொஞ்சம் செல்லுங்களே. லொறிட மீட்டர் செத்து ரெண்டு வருஷமாகுது. கேட்டா, எனக்குக் காது ஈக்கி, மீட்டர் என்னத்துக்குண்டு சிரிக்கிறாரு."

2012ஆம் ஆண்டு மத்ரஸா விடுமுறையில் ஹட்டனுக்குப் போயிருந்தபோது, தேநீர்க் கோப்பையை முன்னால் வைத்துவிட்டு என் மதினி சொன்ன முறைப்பாடு இது. பிள்ளைகளுக்கு நஹ்வும் ஸர்பும் ஓதிக் கொடுக்கின்ற மௌலவிக்கு லொறி மீட்டரில் என்ன வேலை என்று சகோதரிகள் கேட்கலாம். நான் லொறி வீட்டில் பிறந்தவன். வாப்பா ஓட்டிய லொறியின் வாடகையில்தான் நாங்கள் நான்கு பிள்ளைகளும் வளர்ந்தோம், ஓதினோம், படித்தோம். வாப்பாவுக்குப் பின் அதே லொறியை நானா எடுத்தார். ஆகவே மதினியின் கவலை எனக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் அது என் உம்மாவின் கவலையாகவும் இருந்தது.

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, நுவரெலியா என்று மலையகத்தின் எந்த ஊரை எடுத்தாலும் லொறியை நம்பிச் சோறு சமைக்கும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. தோட்டத்துக் கொழுந்து, விறகு, உரம், கரட், லீக்ஸ், கோவா எல்லாம் லொறியில்தான் இறங்குகின்றன. பறித்த கொழுந்து சாக்குக்குள் சூடேறிக் கெட்டுப் போவதற்குள் தொழிற்சாலைக்குச் சேர வேண்டும். மரக்கறி வாடுவதற்குள் சந்தைக்குப் போக வேண்டும். அவசரம் இந்தத் தொழிலோடு கூடப் பிறந்தது. அந்த அவசரத்தில்தான், எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்று சொல்லும் ஒரே கருவியைப் பழுதான நிலையிலேயே விட்டு வைக்கிறோம்.

காது போதாதா?

நானா சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரே கியரில் போகும்போது எஞ்சின் சத்தம் கூடினால் வேகம் கூடுகிறது என்று அர்த்தம். பல வருடம் ஓட்டியவரின் காது இதைச் சரியாகவே பிடித்துக்கொள்ளும். ஆனால் கியரை மாற்றியவுடன் அந்தக் கணக்கு மாறிவிடும். மூன்றாம் கியரில் இரைகின்ற அதே சத்தத்தில், நான்காம் கியரில் லொறி எவ்வளவோ வேகமாகப் போகும். டீசல் மிச்சம் என்று நினைத்துச் சிலர் இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறார்கள். அப்போது எஞ்சின் சத்தத்துக்கும் சக்கரத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. காது அங்கே முழுச் செவிடு.

நியூட்ரலில் டீசல் மிச்சமாகிறது என்பதும் தவறான எண்ணமே. கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால், டீசல் பம்ப் எரிபொருளை ஏறக்குறைய நிறுத்திவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்றிக் கொடுக்கும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் செலவாகும்.

கண்ணும் ஏமாற்றும். நீண்ட நேரம் ஒரே வேகத்தில் போனால் அது மெதுவாகப் போவது போலத் தோன்றும். நானுஓயாப் பக்கத்துப் பனிமூட்டத்தில் ஓரத்து மரமும் மதிலும் மறைந்துவிட்டால், வேகத்தைக் கண்டுகொள்ளக் கண்ணுக்கு ஓர் அடையாளமும் இராது.

இறக்கத்தில் இந்தச் சிறு பிழை பெரிதாகிவிடும். ஓடுகின்ற லொறியின் வலு வேகத்தின் வர்க்கப்படி கூடும். வேகம் இரு மடங்கானால் பிரேக் அடக்க வேண்டிய வலு நான்கு மடங்காகும். 40 என்று நினைத்து 48இல் போனாலே, பிரேக்கின் மேல் 44 சதவீதம் அதிகச் சுமை விழும். அதற்கு மேல் சரிவும் தள்ளுகிறது. ஏற்றிய சரக்கும் தள்ளுகிறது. பிரேக் சூடேறிச் சூடேறி ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காமல் போகும்.

2023 ஜனவரி 20ஆம் தேதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் ஏழு உயிர்கள் போயின. 2025 மே 11ஆம் தேதி கொத்மலை கெரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் மரணமானார்கள். அந்த விபத்துகளுக்கு மீட்டர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு உரிமையுமில்லை. மலைப்பாதையில் ஒரு பிழைக்கு எவ்வளவு விலை என்பதை நினைவுபடுத்தவே சொல்கிறேன்.

மதினியின் கைக்கடிகாரம்

நான் நானாவிடம் பேசினேன். அவர் வழமைபோலச் சிரித்தார். "இறக்கத்துல நான் முப்பதுக்கு மேல போறதே இல்ல தம்பி" என்றார். அவர் பொய் சொல்பவர் அல்ல.

அடுத்த நாள் அவரும் மதினியும் யட்டியாந்தோட்டையில் இருந்த மதினியின் உம்மா வீட்டுக்கு லொறியிலேயே போவதாக இருந்தது. நான் மதினியிடம் ஒரு வேலை கொடுத்தேன். "பாதையோரம் கிலோமீற்றர் கல் வரும். ஒரு கல்லைத் தாண்டும்போது கடிகாரத்தைப் பாருங்க. அடுத்த கல்லைத் தாண்டும்போது எத்தனை செக்கன் என்று எழுதி வையுங்க. நானா கிட்ட ஒண்டும் சொல்ல வாணாம்."

கணக்கு மிகவும் இலகுவானது. 3600ஐ அந்த செக்கன்களால் வகுத்தால், மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்று வரும். 120 செக்கன் என்றால் 30. 90 செக்கன் என்றால் 40. 60 செக்கன் என்றால் 60. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு.

வட்டவளையைத் தாண்டிக் கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது மதினி எழுதி வைத்த எண் 75. 3600ஐ 75ஆல் வகுத்தால் 48. முப்பது என்று நானா நினைத்த இடத்தில் லொறி 48இல் இறங்கியிருக்கிறது!

காகிதத்தைப் பார்த்த நானா நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, ஞாயித்துக்கிழம கழட்டிப் பாப்பம்" என்றார்.

மீட்டருக்குள் என்ன இருக்கிறது?

பழைய லொறியின் மீட்டர் கரண்டில் ஓடுவதில்லை. கியர் பொக்ஸின் பின்பக்கத்தில் ஒரு சின்னப் பற்சக்கரம் இருக்கும். லொறி ஓடும்போது அது சுற்றும். அங்கிருந்து டேஷ்போர்ட் வரை ஒரு கேபிள் போகிறது. சைக்கிள் பிரேக் கம்பியைப் போலவே, வெளியில் ஓர் உறை, உள்ளே ஒரு முறுக்குக் கம்பி. சைக்கிள் கம்பி இழுபடும். இது உறைக்குள் சுழலும். அவ்வளவுதான் வித்தியாசம்.

கம்பியின் மேல் நுனி மீட்டருக்குள் இருக்கும் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தைச் சூழ ஒரு அலுமினியக் கிண்ணம். முள் அந்தக் கிண்ணத்தோடு பொருத்தப்பட்டிருக்கும். காந்தம் கிண்ணத்தைத் தொடுவதில்லை. அலுமினியம் காந்தத்தில் ஒட்டுகிற உலோகமும் அல்ல. ஆனாலும் காந்தம் சுழலும்போது கிண்ணத்துக்குள் சிறு மின்னோட்டம் உண்டாகி, கிண்ணத்தையும் தன்னோடு இழுக்கும். முடிமயிர் போன்ற ஒரு சுருள்வில் அதைத் திரும்ப இழுத்துப் பிடிக்கும். இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். ஜெர்மனியைச் சேர்ந்த ஒட்டோ ஷூல்ஸே என்பவர் 1902இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் பழைய லொறிகளில் அதே முறைதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓடிய தூரத்தைக் காட்டும் எண் சக்கரங்களும் அதே கேபிளில்தான் சுற்றுகின்றன. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால், நோய் எங்கே என்று பாதி தெரிந்துவிடும்.

நோய் எந்த இடத்தில்?

முள்ளும் அசையவில்லை, தூர எண்ணும் ஓடவில்லை என்றால், மீட்டருக்குச் சுழற்சி வந்து சேரவில்லை. பெரும்பாலும் கேபிள் அறுந்திருக்கும், அல்லது கழன்றிருக்கும், அல்லது கியர் பொக்ஸ் பக்கத்துப் பற்சக்கரம் தேய்ந்திருக்கும்.

தூர எண் ஓடுகிறது, முள் மட்டும் அசையவில்லை என்றால், கேபிள் நல்லது. கோளாறு மீட்டருக்குள் கிண்ணத்திலோ சுருள்வில்லிலோ இருக்கிறது.

முள் வேலை செய்கிறது, தூர எண் மட்டும் நிற்கிறது என்றால், எண் சக்கரங்களைச் சுற்றும் சிறு பற்கள் உடைந்திருக்கும்.

முள் நடுங்குகிறது, குதிக்கிறது, குளிர்ந்த காலையில் டேஷ்போர்டுக்குப் பின்னால் கீச்சுக் கீச்சென்று சத்தம் வருகிறது என்றால், கேபிள் கிறீஸ் இல்லாமல் வறண்டிருக்கும். அல்லது எங்காவது மடிந்திருக்கும்.

முள் ஒரேயடியாக மேலே போய் நின்றால், காந்தமும் கிண்ணமும் உள்ளே ஒட்டிக்கொண்டன என்று பொருள். கேபிள் வழியே ஏறிய எண்ணெயும் கிறீஸும் இப்படிச் செய்வதுண்டு.

இனி, கழற்றிப் பார்க்கும் முறை. லொறியைச் சமதரையில் நிறுத்த வேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். சில பழைய லொறிகளில் கைப்பிரேக் கியர் பொக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. சக்கரத்தை நேரடியாகப் பிடிப்பதில்லை. ஆகவே கைப்பிரேக்கை மட்டும் நம்பி ஒருவரும் லொறிக்கு அடியில் போகக் கூடாது. வெறும் ஜக்கின் மேல் நிற்கும் லொறிக்கு அடியில் போகவே கூடாது. கணவர், பிள்ளை யாராக இருந்தாலும் இதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

மீட்டருக்குப் பின்னால் இருக்கும் வளைய மரையைக் கையாலேயே கழற்றலாம். கழற்றிய பிறகு ஒருவர் சமதரையில் இருபது முப்பது அடி மெதுவாக ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் கேபிளின் நுனியைப் பார்க்க வேண்டும். கம்பி சுற்றினால் கேபிளும் பற்சக்கரமும் நல்லவை, கோளாறு மீட்டரில். சுற்றாவிட்டால், லொறியை நிறுத்தி, கீழ் நுனியையும் கழற்றி, உள் கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். துண்டாக வந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. முழுதாக வந்தால், ஒரு நுனியை விரலால் திருப்புங்கள். மறு நுனியும் கூடவே திரும்ப வேண்டும். அதுவும் சரியாக இருந்தால், தேய்ந்தது கீழேயுள்ள பற்சக்கரம்தான்.

பிற்காலத்தில் வந்த எல்ஃப், கென்டர் போன்ற வண்டிகள் பலவற்றில் கேபிள் கிடையாது. கியர் பொக்ஸில் ஒரு சென்சரும் அங்கிருந்து வயரும் இருக்கும். அவற்றில் முதலில் ஃபியூஸையும், பிறகு வயர் இணைப்பில் சேறு, துரு ஏறியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரே கேபிள் இரண்டு முறை அறுந்தது

எங்கள் லொறியில் முள்ளும் இல்லை, தூர எண்ணும் இல்லை. கம்பியை உருவினோம், கீழ்ப்பக்கம் அறுந்து இரண்டு துண்டாக வந்தது. நானா பழைய கேபிளை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போன பயணத்தில் பஞ்சிகாவத்தையில் இறங்கி, நீளம், நுனியின் சதுரம், மரையின் அளவு மூன்றையும் ஒப்பிட்டு ஒரு கேபிள் வாங்கி வந்தார். பூட்டினோம். முள் அசைந்தது. வீட்டில் அன்று வட்டிலாப்பம்!

பத்தாம் நாள் மறுபடியும் அறுந்தது.

"சாமான் சரியில்ல" என்று கடைக்காரரை ஏசிக்கொண்டிருந்தார் நானா. கராஜில் இருந்த வயதான பாஸ் ஒருவர் அமைதியாகக் கேட்டார்: "கேபிள் அறுந்ததைப் பாத்தீங்க. ஏன் அறுந்ததுண்டு பாத்தீங்களா?"

அவர் மீட்டரைக் கழற்றி, பின்னால் இருந்த சதுரத் துளையில் ஒரு சிறு குச்சியை வைத்து விரலால் திருப்பச் சொன்னார். தாராளமாகச் சுழல வேண்டிய அது இறுகிக் கிடந்தது. வருடக்கணக்காகக் கேபிள் வழியே ஏறிய கிறீஸ் காய்ந்து, பலாப் பிசின் போல உள்ளே பிடித்திருந்தது. ஹட்டனின் காலைக் குளிரில் அது இன்னும் இறுகும். கீழே பற்சக்கரம் சுற்றுகிறது, மேலே மீட்டர் விடமாட்டேன் என்கிறது. நடுவில் இருந்த கம்பி என்ன செய்யும்? அறுந்து போகத்தான் வேண்டும்.

போதாததற்கு, டேஷ்போர்டுக்குப் பின்னால் கேபிளை நாங்கள் முழங்கை போல மடித்துப் பூட்டியிருந்தோம். அது ஆறு அங்குல ஆரத்துக்குக் குறைவாக வளையக் கூடாதாம். எஞ்சின் சூட்டுக் குழாயிலும் படக் கூடாது. கிறீஸையும் கம்பியின் கீழ் மூன்றில் இரண்டு பங்கில் மட்டும் இலேசாகப் பூச வேண்டும். மேல் பகுதியைக் காய்ந்தபடியே விட்டால்தான் அது மீட்டருக்குள் ஏறாது. கியர் பொக்ஸில் இருந்து எண்ணெய் கேபிளில் ஏறி வந்தால், அங்குள்ள சீலை மாற்ற வேண்டும்.

கண்டியில் மீட்டர் திருத்தும் ஒருவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, புதுக் கேபிளைச் சரியான வளைவில் பூட்டினோம். அதற்குப் பிறகு அது அறுகவில்லை. விளைவை மாற்றிவிட்டுக் காரணத்தை விட்டு வைத்தால் நோய் திரும்பி வரும் என்பதை அந்த பாஸிடம்தான் கற்றுக்கொண்டேன்.

கண்ணாடியைத் துடைத்தபோது

திருத்திய மீட்டரோடு முதல் பயணம். மதினியும் நானும் கூடவே போனோம். அதே இறக்கம். நானா வழமையான வேகத்தில் இறங்கினார். முள் சரியாக 30இல் நின்றது!

"பாத்தியா தம்பி? நான் என்ன சொன்னன்?" என்று நானா வெற்றிப் புன்னகை செய்தார்.

மதினி கடிகாரத்தில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "எழுபத்தஞ்சு செக்கன்."

முள் 30 என்கிறது. கடிகாரம் 48 என்கிறது. எது பொய்? ஓரிடத்தில் நிறுத்தி, மீட்டர் கண்ணாடியை என் கைக்குட்டையால் துடைத்தேன். வெயிலில் மங்கிப் போயிருந்த சிறு எழுத்து மெல்லத் தெரிந்தது: எம்.பி.எச். அதாவது மணிக்கு மைல்!

அது ஆங்கிலேயர் நாட்டில் செய்த லொறி. முகப்பில் இருந்த எண்கள் எல்லாம் மைல் கணக்கு. ஒரு மைல் 1.609 கிலோமீற்றர். 30 மைல் என்றால் 48 கிலோமீற்றர். வாப்பா மைல்கட்டைக் காலத்தில் ஓட்டியவர். அவருக்கு அந்தக் கணக்கு தெரியும். நானா வாப்பாவின் பக்கத்தில் அமர்ந்து "இறக்கத்துக்கு முப்பது" என்று காதால் படித்துக்கொண்டார். அவருடைய காது ஒருநாளும் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதையோரத்துப் பலகைகள் கிலோமீற்றருக்கு மாறிவிட்டன. பலகையில் 40 என்று இருந்த வளைவுகளில் எல்லாம், முப்பதில்தான் போகிறேன் என்ற மனநிம்மதியோடு, 48இல் திரும்பியிருக்கிறார்.

நானா ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி, "எத்தன வருஷம்... அல்லாஹ் காப்பாத்தினான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, மீட்டர் கண்ணாடியில் 25க்கு நேரே சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். 25 மைல் என்றால் 40 கிலோமீற்றர்.

முள் காட்டுவது சரிதானா?

ஆகவே சகோதரிகளே, முள் அசைந்தால் மட்டும் போதாது. அது சரியாகவும் சொல்ல வேண்டும். பழைய பெட்போர்ட் போன்ற வண்டிகளில் மைலா கிலோமீற்றரா என்று பாருங்கள். வேறு லொறியின் மீட்டரை வாங்கிப் பூட்டினால் கணக்குப் பிசகலாம். சில மீட்டர்கள் கேபிள் ஒரு மைலுக்கு 1000 முறை சுற்றுவதாக வைத்துச் செய்யப்பட்டவை. ஜப்பானிய வண்டிகளில் கிலோமீற்றருக்கு 637 சுற்று என்பது வழமை. பழைய ஆங்கிலேய மீட்டர்கள் பலவற்றின் முகப்பிலேயே இந்த எண் பொடி எழுத்தில் இருக்கும்.

டயரின் அளவை மாற்றினாலும் பிசகும். 8.25-20 டயர் இருந்த இடத்தில் 9.00-20 போட்டால், சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 5 சதவீதம் கூடுதல் தூரம் போகும். மீட்டர் அந்த அளவுக்குக் குறைத்துச் சொல்லும். ஐக்கிய நாடுகள் சபையின் வாகன விதிமுறை, மீட்டர் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டலாம், குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது. கூட்டிச் சொல்லும் மீட்டரால் பயணம் சற்றுத் தாமதமாகும். குறைத்துச் சொல்லும் மீட்டரை நம்பியவர் வீடு வந்து சேராமலே போகலாம்.

இப்போது கைபேசியும் செயற்கைக்கோள் உதவியால் வேகத்தைக் காட்டுகிறது. நல்லதுதான். ஆனால் அதைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்க வேண்டும், சாரதி அல்ல. மலையிடுக்குகளில் அது தடுமாறுவதும் உண்டு. கிலோமீற்றர் கல்லும் கைக்கடிகாரமும் தடுமாறுவதில்லை.

ஓடிய தூர எண்ணையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். எஞ்சின் எண்ணெய் மாற்றுவது அந்தக் கணக்கில்தான். அது நின்றுவிட்டால் எண்ணெய் மாற்றும் நாள் தவறும், எஞ்சின் தேயும். லொறியை விற்கும்போது அந்த எண்ணைத் திருப்பிக் குறைத்து வைப்போரும் இருக்கிறார்கள். ஐந்து இலக்க மீட்டர் 99,999க்குப் பிறகு மீண்டும் பூச்சியத்தில் தொடங்கும். அதை மறைத்து, "முப்பதாயிரம்தான் ஓடியிருக்கு" என்று சொல்வோரும் உண்டு. அளவையில் மோசடி செய்வோருக்கென்றே குர்ஆனில் 83ஆம் அத்தியாயம் இருக்கிறது. தராசு மட்டும்தானா அளவை? மீட்டரும் அளவைதான். மீட்டர் செத்த லொறியை விற்பதானால், செத்திருக்கிறது என்று சொல்லி விற்பதே நேர்மை.

ஒரு கொப்பி போதும்

மதினி அன்றிலிருந்து ஒரு கொப்பி வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறை டீசல் அடிக்கும்போதும் மீட்டரில் உள்ள தூரம், அடித்த லீற்றர், எண்ணெய் மாற்றிய நாள், டயர் மாற்றிய நாள் எல்லாம் அதில் உண்டு. ஒரு லீற்றருக்கு ஓடும் தூரம் திடீரென்று குறைந்தால், எங்கோ கோளாறு என்று நானாவுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டிலும் ஒரு லொறியோ வேனோ இருந்தால், இன்றிரவு ஒரு கேள்வி கேளுங்கள்: "மீட்டர் வேலை செய்யுதா?" அவர் சிரிக்கலாம், காது இருக்கிறது என்று சொல்லலாம். சண்டை வேண்டாம். அடுத்த பயணத்தில் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் ஏறிக்கொள்ளுங்கள். இரண்டு கல்லுக்கு இடையில் எத்தனை செக்கன் என்று மட்டும் எழுதுங்கள். பிறகு அந்தக் காகிதத்தை அவர் கையில் கொடுங்கள்.

நானா இப்போதும் அந்த இறக்கத்தில் போகிறார். சிவப்புக் கோட்டை முள் தாண்டுவதில்லை. மதினி வாசலில் நின்று பாதையைப் பார்ப்பதும் நிற்கவில்லை. ஆனால் முன்பு போல மனம் அடித்துக்கொள்வதில்லை என்கிறார்.